கர்ப்ப காலமும் புகையிலையும்: வேலூர்ப் பக்கத்துப் பெண்களும் வீட்டாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கர்ப்பிணிகள் புகைபிடிக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரிச் சுவர்களில் எழுதிவைத்திருக்கிறார்கள். குடியாத்தத்திலிருந்தோ பேரணாம்பட்டிலிருந்தோ பரிசோதனைக்கு வரும் பெண் அதைப் படித்துவிட்டு, 'நான்தான் பிடிப்பதே இல்லையே' என்று நகர்ந்துவிடுகிறாள். அவள் சொல்வது உண்மைதான். ஆனால் அவள் மடியில் பீடி முறம் இருக்கிறது. திண்ணையில் கணவர் பற்றவைக்கிறார். வாய்க் கசப்புக்கு நல்லது என்று மாமியார் வெற்றிலையோடு ஒரு துண்டு புகையிலையைக் கிள்ளிக் கொடுக்கிறார். ஆகவே இங்கே சிகரெட்டை மட்டும் பேசிவிட்டு நிறுத்தவில்லை. புகையிலை எந்த வழியாக வீட்டுக்குள் வந்தாலும் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு என்ன ஆகிறது என்பதைக் கேள்வி பதிலாக எழுதியிருக்கிறேன். இது பொதுவான தகவல். உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற முடிவை உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் பெண்கள் யாரும் புகைபிடிப்பதில்லை. எங்களுக்கு இது எதற்கு?

இந்தியா முழுவதும் 2016–17 இல் எடுத்த வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, பெண்களில் புகைபிடிப்பவர்கள் 2 சதவீதம்தான். மெல்லும் புகையிலை, பொடி போன்றவற்றைப் பயன்படுத்தும் பெண்கள் 12.8 சதவீதம். புகைபிடிக்கும் ஆண்கள் 19 சதவீதம். இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் பார்த்தால் நம் ஊர் நிலை புரியும். இங்கே கர்ப்பிணியிடம் 'நீ புகைபிடிப்பாயா?' என்று மட்டும் கேட்டால் 'இல்லை' என்ற பதில் வரும், சீட்டில் எழுதிக்கொள்வார்கள், விஷயம் அதோடு முடிந்துவிடும். 'வீட்டில் யார் பிடிக்கிறார்கள், நீ என்ன மெல்லுகிறாய், என்ன வேலை செய்கிறாய்' என்று கேட்டால்தான் முழுப் பதில் கிடைக்கும்.

புகை போவது நுரையீரலுக்கு. குழந்தை இருப்பது கர்ப்பப்பையில். எப்படிப் போய்ச் சேருகிறது?

ரத்தத்தின் வழியாக. புகையிலைப் புகையில் 7,000 க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் இருக்கின்றன. அவற்றில் கர்ப்பத்துக்கு மிகவும் கெடுதல் செய்பவை என்று இரண்டைச் சொல்லலாம்.

முதலாவது கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் இல்லாத வாயு. ரத்தச் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமந்து செல்ல வேண்டியது. கார்பன் மோனாக்சைடோ ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான இறுக்கத்தோடு அதே ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. காலை எட்டு மணி குடியாத்தம் டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பவரைப் போலத்தான். முறையாக ஏறியவர்களுக்கு இடம் இருக்காது. தாயின் ரத்தத்தில் இருப்பதைவிடக் குழந்தையின் ரத்தத்தில் இந்த வாயுவின் அளவு கூடுதலாகவே சேர்கிறது.

இதில் நம் பெண்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை, அதாவது ஹீமோகுளோபின் 11 க்கும் கீழே. சுமக்க ஆளே குறைவாக இருக்கும் உடம்பில், இருக்கிற ஆளையும் கார்பன் மோனாக்சைடு பிடித்துக்கொள்கிறது. இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் விழுங்கும் மனைவியின் அருகில் உட்கார்ந்து பீடி பிடிப்பவர், அந்த மாத்திரை செய்யும் வேலையில் ஒரு பங்கை வீணாக்குகிறார்.

இரண்டாவது நிக்கோட்டின். இது ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. கர்ப்பப்பைக்கும் நச்சுக்கொடிக்கும் போகிற ரத்தம் குறைகிறது. நிக்கோட்டின் நச்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் உடம்புக்குள்ளும் போகிறது, அங்கே வளர்ந்துகொண்டிருக்கும் மூளையையும் நுரையீரலையும் தொடுகிறது. கவனியுங்கள், நிக்கோட்டினுக்குப் புகை தேவையில்லை. மென்றாலும் அது ரத்தத்தில் கலக்கும்.

அதனால் என்னென்ன பாதிப்புகள் வரும்?

தொடக்கத்திலிருந்தே வரலாம். கர்ப்பப்பைக்கு வெளியே, கருக்குழாயில் கரு தங்கிவிடும் அபாயம் புகைபிடிக்கும் பெண்களுக்கு அதிகம். கருச்சிதைவும் அதிகம். உதடும் மேலண்ணமும் உருவாகும் முதல் மூன்று மாதங்களில் புகைபட்டால், பிளவுபட்ட உதடு அல்லது அண்ணத்தோடு குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது.

பிற்பகுதியில் நச்சுக்கொடிதான் பெரிய கவலை. அது கர்ப்பப்பையின் வாயை மறைத்தபடி கீழே அமையலாம். பிரசவத்துக்கு முன்பே கர்ப்பப்பைச் சுவரிலிருந்து பிரிந்துவிடவும் செய்யலாம். பிரிந்தால் தாய், குழந்தை இருவர் உயிருக்கும் ஆபத்து. கர்ப்பிணிக்கு வயிறு கல்போல இறுகி, வலியோடு ரத்தம் படுகிறது என்றால், புகையிலைப் பழக்கம் இருக்கிறதோ இல்லையோ, உடனே 108 ஐ அழையுங்கள். சூடு பிடித்துக்கொண்டது, ஒரு ராத்திரி பார்க்கலாம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

பனிக்குடம் நேரத்துக்கு முன்பே உடைவது, 37 வாரம் நிறைவதற்குள் பிறப்பது, வயிற்றிலேயே இறந்துபோவது ஆகிய எல்லாவற்றின் அபாயமும் கூடுகிறது. உயிரோடு, நேரத்தில் பிறந்தாலும் எடை குறைகிறது. புகைபிடிக்கும் தாய்மார்களின் குழந்தைகள் சராசரியாக ஏறத்தாழ 200 கிராம் குறைவாகப் பிறக்கின்றன. மூன்றரை கிலோ குழந்தைக்கு 200 கிராம் பெரிதாகத் தெரியாது. நம் பக்கத்தில் நிறையக் குழந்தைகள் இரண்டே முக்கால் கிலோவில் பிறக்கின்றன. அதில் 200 கிராம் போனால் எடை குறைந்த குழந்தை என்று குறிக்கும் 2,500 கிராம் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

பிறந்த பிறகும் தொடரும் சில விஷயங்கள் உண்டு. தூக்கத்தில் காரணம் தெரியாமல் நிகழும் சிசு மரணம், இளைப்பு, அடிக்கடி நெஞ்சுச் சளி, காதில் சீழ், பிற்காலத்தில் கவனம் நிலைக்காமல் போவது போன்றவை.

குழந்தை சின்னதாக இருந்தால் சுகப்பிரசவம் ஆகும் என்கிறார்களே?

இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். புகையாலோ பட்டினியாலோ எடை குறைந்த குழந்தை, அளவில் சிறியதாக இருக்கும் நலமான குழந்தை ஆகாது. ஆக்சிஜனும் சத்தும் போதாமல் வளர்ச்சி தடைப்பட்ட குழந்தை அது. பிரசவ வலியின் அழுத்தத்தையே தாங்க முடியாமல் அதன் இதயத்துடிப்பு இறங்கலாம். அப்போது அவசர சிசேரியன்தான் வழி. பிறந்த பின் உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ளத் தெரியாது, சர்க்கரை இறங்கும், பால் உறிஞ்சத் தெம்பு இருக்காது. சுகப்பிரசவம் வேண்டுமென்றுதானே கேட்டீர்கள்? பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டு வராந்தாவில் காத்திருப்பதில் சுகம் எங்கே இருக்கிறது?

பீடி, இலையில் சுற்றியது. சிகரெட்டைவிட லேசானதுதானே?

லேசாகத் தெரிவது விலைதான். ஒரு பீடியில் ஏறத்தாழ கால் கிராம் தூள் இருக்கலாம், சிகரெட்டில் இருப்பதைவிடக் குறைவு. ஆனால் பீடி இலை காகிதத்தைப்போலக் காற்றை உள்ளே விடாது. அணைந்துவிடாமல் இருக்க அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். அதனால் நிக்கோட்டின், தார், கார்பன் மோனாக்சைடு மூன்றுமே சிகரெட்டுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ உடம்பில் சேர்கின்றன. வடிகட்டியும் கிடையாது. இலை இயற்கையானது என்ற சமாதானத்துக்குப் பதில்: எரிகிற எந்த இலையும் கார்பன் மோனாக்சைடைக் கொடுக்கும்.

கணவர் வாசலில்தான் பிடிக்கிறார். அதுவும் ஆபத்தா?

அறைக்குள் பிடிப்பதைவிட அது நல்லது, சந்தேகமில்லை. ஆனால் நம் ஊர் வீடுகளை நினைத்துப் பாருங்கள். சித்திரை வெயிலில் கதவு, ஜன்னல் எல்லாம் திறந்துதான் கிடக்கும். திண்ணைக்கும் பெண் படுத்திருக்கும் பாய்க்கும் நடுவே நாலடி தூரம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் புகை போகும்.

தான் புகைக்காமல் பிறர் புகையைச் சுவாசிக்கும் கர்ப்பிணிகளின் குழந்தைகளும் சராசரியாக 30 முதல் 40 கிராம்வரை எடை குறைவாகப் பிறக்கின்றன என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். குழந்தை வயிற்றிலேயே இறப்பதற்கான அபாயமும் கூடுகிறது. இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவு கிடையாது. மின்விசிறி புகையைச் சுழற்றும், வெளியேற்றாது. ஊதுவத்தி நாற்றத்தை மறைக்கும், தன் பங்குக்குப் புகையும் சேர்க்கும்.

நிறுத்தும் நாள் வரும்வரை குறைந்தபட்சம் இதைச் செய்யலாம்: தெருக்கோடிக்குப் போய்ப் பிடிப்பது, வந்ததும் வாய், கை, முகம் கழுவுவது, சட்டையை மாற்றிய பிறகு மனைவி பக்கத்தில் உட்காருவது. புகையின் எச்சம் துணியிலும் மீசையிலும் போர்வையிலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. பைக்கிலோ ஆட்டோவிலோ கர்ப்பிணி கூட வரும்போது பற்றவைப்பது கூடவே கூடாது.

அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் சண்டைதான் வருகிறது.

மனைவி சொன்னால் நச்சரிப்பு, அதையே நர்ஸ் அம்மா சொன்னால் அறிவுரை. இது நியாயமில்லைதான், ஆனாலும் நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். அடுத்த பரிசோதனைக்கு அவரையும் அழைத்துப் போங்கள். 'வீட்டில் இவர் பீடி பிடிக்கிறார்' என்று மருத்துவரிடம் அவர் முன்னிலையிலேயே சொல்லுங்கள். ஸ்கேனில் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டுவிட்டு வெளியே வருகிற நேரம், பேச நல்ல நேரம்.

அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும் ஆண்களுக்கு ஒரு தகவல்: புகை விந்தணுவின் எண்ணிக்கையையும் மரபுப்பொருளையும் கெடுக்கிறது. ஒரு விந்தணு முழுதாக உருவாக இரண்டரை மாதம் ஆகும். ஆகவே கருத்தரிப்பதற்கு மூன்று மாதம் முன்பே நிறுத்துவது கணக்கு. கர்ப்பம் உறுதியான பிறகு மனைவிக்கு மட்டும் பத்தியம் போடும் வழக்கம் இந்த விஷயத்தில் உதவாது.

மசக்கையில் வாய் கசக்கிறது. வெற்றிலையோடு கொஞ்சம் புகையிலை போட்டால்தான் சோறு இறங்குகிறது. புகையே இல்லையே, போடலாமா?

கூடாது. வாய்க்குள் அடக்கிய புகையிலையிலிருந்து நிக்கோட்டின் மெதுவாகவும் நீண்ட நேரமும் ரத்தத்தில் இறங்கிக்கொண்டே இருக்கும். மும்பையில் கர்ப்பிணிகளிடம் நடத்தி 2004 இல் வெளியான ஓர் ஆய்வில், மெல்லும் புகையிலை பயன்படுத்திய தாய்மார்களின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைவாகப் பிறந்தது தெரியவந்தது. குறைப்பிரசவமும் அவர்களிடம் அதிகம்.

புகையிலைப் பொடியால் பல் தேய்ப்பது, மூக்குப்பொடி, கன்னத்தில் அடக்கும் ஹான்ஸ் எல்லாம் இதே கணக்கில்தான் வரும். குட்கா, பான் மசாலாவுக்குத் தமிழ்நாடு அரசு 2013 இல் தடை போட்டது. பெட்டிக்கடையில் காகிதத்துக்குள் மறைத்துக் கிடைக்கிறது என்பது வேறு கதை.

புகையிலை இல்லாமல் வெறும் பாக்கு மட்டும் என்றாலும் நல்லதில்லை. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. வளைகாப்பில் தாம்பூலம் வாங்கிக்கொள்ளுங்கள், வெற்றிலையை மட்டும் மென்று பாக்கைத் தட்டிலேயே விட்டுவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கசப்புக்கு வேறு வழிகள் நம் சமையலறையிலேயே இருக்கின்றன. எலுமிச்சம்பழத் துண்டை உப்புத் தொட்டு நக்குவது, இஞ்சிச் சாறு, சீரகத் தண்ணீர், நெல்லிக்காய், காலையில் எழுந்ததும் வெறும் பொரி அல்லது ரொட்டித்துண்டு. ரத்த அழுத்தம் இருப்பவர்கள் உப்பைத் தவிர்க்க வேண்டும். வாந்தி நிற்கவே இல்லை, சிறுநீர் மஞ்சளாகக் குறைந்து போகிறது என்றால் கைவைத்தியத்தை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

என் பாட்டி சாகும்வரை புகையிலை போட்டார். பத்துப் பிள்ளை பெற்றார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே?

பத்தில் எத்தனை பிழைத்தன என்று குடும்பத்தில் மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் பிறந்த குழந்தையை யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை. இறந்து பிறந்ததற்குச் செய்வினை, கண்ணேறு, தலைவிதி என்று பல பெயர்கள் இருந்தன. அபாயம் கூடும் என்றால் எல்லாருக்கும் கட்டாயம் நடக்கும் என்று பொருளில்லை, தப்பித்தவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். தப்பித்தவர்களின் கதைதான் பேரன் பேத்திகள்வரை வந்து சேரும்.

நான் பீடி சுற்றுகிறேன். பிடிப்பதில்லை, மெல்லுவதில்லை. என் குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?

குடியாத்தம், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், வேலூர் நகரத்தின் பழைய தெருக்கள் என்று இந்த மாவட்டங்களில் மிகப் பலர் கேட்க வேண்டிய, ஆனால் மருத்துவமனையில் வாய்விட்டுக் கேட்காத கேள்வி இது.

பீடி சுற்றும்போது புகையிலை இரண்டு வழியாக உடம்புக்குள் போகிறது. தூளைக் கையாளும்போது எழும் தூசி மூக்கு வழியாக, விரல்களில் படியும் நிக்கோட்டின் தோல் வழியாக. ஈரக்கையில் இன்னும் எளிதாக ஊறும். நனைத்த இலையை வெட்டிய அதே ஈர விரலால்தான் தூளை எடுத்து உருட்டுகிறோம். புகையிலைப் பழக்கமே இல்லாத பீடித் தொழிலாளர்களின் சிறுநீரில் கொட்டினின், அதாவது நிக்கோட்டின் உடம்பில் உடைந்து மாறும் பொருள், காணப்பட்டிருக்கிறது. அளவு புகைபிடிப்பவருக்கு இருப்பதைவிடக் குறைவுதான். ஆனால் கர்ப்பிணிக்கு அந்தக் கொஞ்சமும் தேவையில்லை. இதோடு மணிக்கணக்காகச் சம்மணம் போட்டுக் குனிந்து உட்காருவதால் வரும் இடுப்புவலி, கால்வீக்கம் தனி.

'வேலையை விட்டுவிடு' என்று எழுதிவிட்டு நான் போய்விடலாம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று வரும் கூலியில்தான் அரிசி வாங்குகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். முடிந்தவர்கள் இந்த ஒன்பது மாதமும் பால் கொடுக்கும் காலமும் வேறு வேலைக்கு மாறுங்கள். முடியாதவர்கள் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்: தூள் நிரப்பிச் சுற்றுவதை வீட்டில் இன்னொருவர் செய்யட்டும், இலை வெட்டுவதும் கட்டுக் கட்டுவதும் நீங்கள். கட்டுவதிலும் தூள் உதிரும் என்பதால் கை கழுவுவதை விடக் கூடாது. வாசல் பக்கம், காற்றோட்டத்தில் உட்காருங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டுங்கள். தூளைச் சலிப்பது, உதறுவது போன்ற தூசி பறக்கும் வேலைகளை அடியோடு தவிருங்கள். தண்ணீர் குடிப்பதற்கு முன்கூட சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வேலை முடிந்ததும் புடவையை மாற்றுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள்.

தூள் மூட்டையைப் படுக்கும் அறையிலோ சமைக்கும் இடத்திலோ வைக்க வேண்டாம். வீட்டில் தவழும் பிள்ளை இருந்தால் இன்னும் கவனம். ஒரு சிட்டிகைத் தூளை விழுங்கினாலே சிறு குழந்தைக்கு வாந்தி, மயக்கம், வலிப்புவரை போகலாம். முறத்துக்கு மேலேயே தொட்டிலைக் கட்டித் தூங்கவைப்பது வசதிதான், ஆனால் எழும் தூசி நேராக அந்தத் தொட்டிலுக்குப் போகும்.

பீடித் தொழிலாளிக்குப் பேறுகால உதவி உண்டா?

வீட்டிலிருந்து சுற்றினாலும் நீங்கள் தொழிலாளிதான். 1966 ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், மூலப்பொருள் வாங்கிவந்து வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளர் என்றே வரையறுத்தது, மகப்பேறு நலச் சட்டத்தையும் இந்தத் தொழிலுக்குப் பொருத்தியது. தொழிலாளர் சட்டங்கள் இப்போது புதிய தொகுப்புகளுக்குள் கொண்டுவரப்பட்டிருப்பதால், இன்றைய நிலையைத் தொழிற்சங்கத்திலோ தொழிலாளர் நல அலுவலகத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள். எதைக் கேட்கப் போனாலும் கணக்குப் புத்தகமும் அடையாள அட்டையும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். மாமியார் பெயரில் உள்ள புத்தகத்தில் மருமகள் சுற்றிக் கணக்கு எழுதும் வீடுகளில் மருமகளுக்கு எதுவும் கிடைக்காது.

தொழில் எதுவானாலும், ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் இருக்கிறது. பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பு. 12 வாரத்துக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்வது முக்கியம். அந்த முத்துலட்சுமி ரெட்டிதான் 1954 இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியவரும்.

ஐந்தாம் மாதம் ஆகிவிட்டது. இனி நிறுத்தி என்ன பயன்?

இருக்கிறது. 15 வாரத்துக்கு முன் நிறுத்தியவர்களுக்குக் குறைப்பிரசவ அபாயமும் குழந்தை எடை குறையும் அபாயமும் புகைக்காதவர்களின் அளவுக்கே இறங்குவதாகக் கண்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகும் லாபம்தான், ஏனென்றால் குழந்தை அதிகமாக எடை போடுவது கடைசி மூன்று மாதத்தில். கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாளில் ரத்தத்தை விட்டுப் போய்விடும். ஒன்பதாம் மாதத்தில் நிறுத்தினால்கூடப் பிரசவ நேரத்தில் குழந்தைக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கூடும்.

பாதியாகக் குறைத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: குறைத்தவர்கள் பெரும்பாலும் மிச்சத்தை இன்னும் ஆழமாக இழுத்துவிடுகிறார்கள். முழுதாக விடுவதே பலன் தரும்.

பல வருடப் பழக்கத்தைத் திடீரென்று விட்டால் குழந்தைக்கு அதிர்ச்சி ஆகாதா?

ஆகாது. சிரமப்படுவது நீங்கள்தான். எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை, பசி எல்லாம் முதல் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும். கர்ப்ப காலத்தில் உடம்பு நிக்கோட்டினை வேகமாகக் கரைத்துவிடுவதால், ஆசை சற்று அடிக்கடியே எழும். ஒவ்வொரு ஆசையும் சில நிமிடங்கள்தான் நிற்கும். அதைத் தாண்டத் தண்ணீர், ஒரு கிராம்பு, வாசல்வரை ஒரு நடை, அக்காவுக்கு ஒரு போன் என எது கைகொடுக்கிறதோ அதைச் செய்யுங்கள்.

மலச்சிக்கலுக்காகவே புகையிலையை விட முடியவில்லை என்று சொல்பவர்கள் பலர். இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்து இறுக்கிவிடும். கொய்யா, கீரை, முளைகட்டிய பயறு, நிறையத் தண்ணீர். அதிலும் சரியாகவில்லை என்றால் மருத்துவரிடம் மருந்து கேளுங்கள்.

நிக்கோட்டின் சூயிங்கம், மின் சிகரெட்?

சூயிங்கத்தை மருந்துக்கடையில் நீங்களாக வாங்கக் கூடாது. ஆலோசனையால் மட்டும் விட முடியாதவர்களுக்கு, நன்மை தீமையை எடைபோட்டு மருத்துவர் அதைப் பரிந்துரைப்பதுண்டு. மின் சிகரெட் இந்தியாவில் 2019 முதல் தடைசெய்யப்பட்டது. அதிலும் நிக்கோட்டின்தான் இருக்கிறது.

ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்களே?

நல்லது. ஆனால் நிக்கோட்டின் ஸ்கேனில் தெரியாது. ஐந்தாம் மாத ஸ்கேனில் இயல்பாக இருந்த குழந்தையின் வளர்ச்சி எட்டாம் மாதத்தில் பின்தங்கலாம்.

புகையிலை போடுவதை மருத்துவரிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பெண்கள் ஆண் மருத்துவரிடம் போகவே தயங்கிய காலத்தில், ஐடா ஸ்கடர் 1900 இல் வேலூரில் பெண்களுக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். 1918 இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளியும் இந்த ஊரில் வந்தது. இங்கே இருக்கும் மருத்துவர்களும் செவிலியர்களும் நூறு வருடமாக இதைவிடக் கடினமான ரகசியங்களைக் கேட்டுப் பழகிய வழியில் வந்தவர்கள். மாமியார் கூட இருப்பதால் சொல்ல முடியவில்லை என்றால், ரத்தம் எடுக்கும்போதோ எடை பார்க்கும்போதோ நர்ஸிடம் தனியாகச் சொல்லுங்கள்.

திட்டுவார்கள் என்ற பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள். திட்டுகிற ஊழியர்களும் இருக்கிறார்கள் என்பதை மறுக்க மாட்டேன். அப்படிப்பட்டவர் இருந்தால் அடுத்தமுறை வேறொருவரிடம் சொல்லுங்கள், சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். தெரிந்தால்தான் குழந்தையின் வளர்ச்சியைக் கூடுதலாகக் கவனிக்க முடியும்.

விறகடுப்புப் புகையும் இப்படித்தானா?

அதில் நிக்கோட்டின் இல்லை, கார்பன் மோனாக்சைடும் நுண்துகள்களும் தாராளமாக இருக்கின்றன. எடை குறைவுக்கு அதுவும் ஒரு காரணம். கேஸ் இருக்கும் வீட்டில் வெந்நீர் போட மட்டும் விறகு எரிப்பார்கள். அந்த வேலையைக் கர்ப்பிணிக்குக் கொடுக்க வேண்டாம்.

பஸ் நிலையத்தில் பக்கத்தில் நின்று பிடிக்கிறார்கள். என்ன செய்வது?

பொது இடத்தில் புகைப்பதற்கு 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது, 200 ரூபாய்வரை அபராதம். வயிற்றோடு நிற்கும் பெண் கேட்டால் பெரும்பாலானவர்கள் அணைத்துவிடுவார்கள். அணைக்காதவரிடம் வாதாட வேண்டாம், தள்ளி நில்லுங்கள்.

பிரசவம் ஆகிவிட்டது. இனி பரவாயில்லையா? புகையிலை போடுபவர் தாய்ப்பால் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். நிக்கோட்டின் பாலில் கலக்கிறது என்பது உண்மை. இருந்தாலும் புட்டிப்பாலைவிடத் தாய்ப்பால்தான் குழந்தைக்கு நல்லது, அதிலும் புகைச்சூழலில் வளரும் குழந்தைக்கு நெஞ்சுச் சளியிலிருந்து அது பாதுகாப்பு. விடவே முடியாத நிலையில் இருப்பவர்கள் பால் கொடுப்பதற்கு முன் பயன்படுத்தக் கூடாது, கொடுத்து முடித்த பிறகு என்றால் அடுத்த வேளைக்குள் அளவு இறங்கும். பாலில் நிக்கோட்டின் பாதியாகக் குறைய ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும்.

குழந்தையை மல்லாக்கப் படுக்கவையுங்கள். பெற்றோரில் ஒருவர் புகைப்பவரானாலும் ஒரே பாயில், ஒரே போர்வைக்குள் குழந்தையோடு தூங்க வேண்டாம். பார்க்க வரும் உறவினர் பீடி நாற்றத்தோடு வந்து 'கொடு, ஒரு முத்தம்' என்று கை நீட்டினால், கைகழுவச் சொல்லும் பொறுப்பைப் பாட்டியிடம் ஒப்படையுங்கள். மருமகள் சொன்னால் மனஸ்தாபம், பாட்டி சொன்னால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

கர்ப்ப காலத்தில் விட்டவர்களில் நிறையப் பேர் பிரசவமான சில மாதங்களில் திரும்பவும் தொடங்கிவிடுகிறார்கள். தூக்கம் இல்லாத இரவுகளும், பத்தியச் சாப்பாட்டுக்குப் பின் யாரோ நீட்டும் வெற்றிலைத் தட்டும் காரணம். ஒருமுறை போட்டுவிட்டால் எல்லாம் போயிற்று என்று கைவிட்டுவிடாமல் மறுநாளே நிறுத்துங்கள்.

உதவிக்கு யாரைக் கேட்பது?

புகையிலையை விடுவதற்கான தேசிய இலவசத் தொலைபேசி எண் 1800-11-2356. கணவர், மாமியார், கர்ப்பிணி யார் வேண்டுமானாலும் அழைக்கலாம். பொதுவான சந்தேகங்களுக்குத் தமிழக அரசின் 104. நேரில் பேச வேண்டுமென்றால் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்குங்கள், தேவைப்பட்டால் அங்கிருந்து அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். போகும்போது பரிசோதனை அட்டையோடு, வீட்டில் யார் யார் என்னென்ன பயன்படுத்துகிறார்கள், ஒரு நாளைக்கு எத்தனை என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.